காற்றைத் தொட்டுப் பார்த்த பேராசிரியர்

டாக்டர் அப்துல் கலாமின் பெயரைக் கேள்விப்படாத பிள்ளை நம் மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் இருக்க முடியாது. இராமேஸ்வரத்தில் பிறந்தார், ராக்கெட் விட்டார், பிறகு இந்தியாவின் குடியரசுத் தலைவரானார் என்று நாலாம் ஆண்டுப் பிள்ளைகூட மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். ஆனால் அந்தக் கலாமுக்கு மேலே ஒரு தலைவர் இருந்தார். அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே கொஞ்சம் தலையைச் சொறிவார்கள். அவர்தான் பேராசிரியர் சதீஷ் தவான். 1920-இல் பிறந்து 2002-இல் மறைந்தவர்.

அவருடைய வாழ்க்கையை இந்த மலரில் எழுதக் காரணம் என்ன என்று கேட்பீர்கள். காரணம் நம் தலைக்கு மேலேயே பறக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிப்பதற்கும் மரங்களை எண்ணுவதற்கும் டிரோன் என்கிற சின்னப் பறக்கும் இயந்திரம் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் படம் பிடிக்கவும் அதுவே வருகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வியை அவர்கள் காதில் போட்டு வையுங்கள். மழைக்கு முன்னால் சட்டென்று ஒரு காற்று அடிக்கிறதே, அப்போது அந்த டிரோன் என்ன செய்யும்? காற்று வந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்வது? ஒரு குருவிக்கு அது தெரிகிறது. இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியின் ஒரு நுனியை இளவயதிலும் இன்னொரு நுனியை முதுமையிலும் பிடித்தவர் தவான். நடுவில் ஒரு நாட்டின் விண்வெளித் திட்டத்தையே தோளில் சுமந்தார். கதையைக் கேளுங்கள்.

காஷ்மீரத்து ஸ்ரீநகரில் 1920 செப்டம்பர் 25-ஆம் நாள் பிறந்தார். தகப்பனார் அரசாங்கத்தில் உயர் அதிகாரி. படிப்பெல்லாம் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில். என்ன படித்தார் என்பதைப் பெற்றோர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முதலில் கணிதமும் பௌதிகமும் படித்துப் பட்டம் வாங்கினார். அடுத்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அதற்கும் பிறகு இயந்திரப் பொறியியல்! நம் வீட்டுப் பையன் இப்படி மாறி மாறிப் படித்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? ஒன்றிலேயும் உருப்படியாக நிற்க மாட்டான் என்று அடுத்த வீட்டில் போய்ப் புலம்பியிருப்போம். ஆனால் பிற்காலத்தில் கணக்கும் தெரிந்து, கையால் கருவியும் செய்யத் தெரிந்து, அதைப் பிறருக்குப் புரியும்படி எழுதவும் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டபோது, இந்த மனிதர் தயாராக இருந்தார்.

1945-இல் பொறியியல் முடித்து, பெங்களூரில் இருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு அமெரிக்கா. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1947-இல் விமானப் பொறியியல் பட்டம். அதே 1947-இல் இந்தியா இரண்டாகப் பிரிந்தது. அவர் படித்து வளர்ந்த லாகூர், அவர் திரும்பி வருவதற்குள் வேறு நாட்டு ஊராகிவிட்டது. சொந்த மண்ணை விட்டு வந்த பாட்டன் பாட்டிமார் இருந்த வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா. அங்கே கால்டெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்விக்கூடத்தில் ஹான்ஸ் லீப்மன் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். இங்கேதான் நம் கேள்வியின் முதல் நுனி இருக்கிறது. கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

விமானத்தின் சிறகு மீது காற்று ஓடும்போது இரண்டு காரியம் செய்கிறது. சிறகைத் தூக்குகிறது, அதே நேரத்தில் அதன் தோலை உரசிப் பின்னுக்கு இழுக்கிறது. ஆற்று நீரில் கையை வைத்தால் நீர் கையை இழுக்குமே, அதே மாதிரி. இந்த உரசல் எவ்வளவு என்று அறிவது அக்காலத்தில் பெரும்பாடு. பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். காற்றின் வேகத்தை அங்கங்கே அளந்து, அதிலிருந்து இவ்வளவு இருக்கலாம் என்று சொல்வார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும் காற்றில் இந்த வழி இன்னும் சிரமம்.

தவான் நேர்வழியில் போனார். காற்றோடும் சுவரில் ஒரு சிறு துண்டை மட்டும் தனியாக வெட்டி எடுத்தார். அதைச் சுற்றி மயிரிழை போன்ற இடைவெளி விட்டு, அடியில் வில் போன்ற தாங்கிகளில் மிதக்க விட்டார். காற்று ஓடுகிறது, அந்தத் துண்டைத் தொட்டு இழுக்கிறது, துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்கிறது, அந்த நகர்வு மின்சாரக் குறியாக மாறி அளவாக வருகிறது. அவ்வளவுதான் யோசனை. சொல்ல நாலு வரி. செய்து பார்த்தால்தான் தெரியும். தூசு விழுந்தால் கெடும், சூடேறினால் கெடும், துண்டு சுவரைவிட ஒரு இழை உயர்ந்து நின்றால் காற்றின் ஓட்டமே மாறிப்போகும். இவற்றையெல்லாம் வென்று, ஒலிக்குக் கீழான வேகத்திலும் ஒலியைத் தாண்டிய வேகத்திலும் காற்றின் உரசலை நேராக அளந்து காட்டினார். 1951-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்த ஆய்வு 1953-இல் அமெரிக்க அரசின் விமான ஆலோசனைக் குழுவின் அறிக்கையாக வெளிவந்தது. இந்தத் துறையில் படிப்பவர்கள் இன்றைக்கும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

பால்மரத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. மரம் சீவும்போது பட்டை எவ்வளவு ஆழம் போகிறது என்பதைக் கண்ணா சொல்கிறது? விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கு என்ன தெரியும்? கத்தி மரத்தைத் தொடப் போகிறது என்று கைதான் சொல்லும். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேட்டில் ஏறிய அம்மாக்களைக் கேளுங்கள். வாளி ஆடிப் பால் சிந்துவதற்கு முன்பே தோளுக்குத் தெரிந்துவிடும்; கால் தானாக நடையை மாற்றும். சிந்திய பிறகு கண்ணால் பார்த்து என்ன பயன்? தொடுகிற இடத்தில் அறிவு இருக்க வேண்டும். தவான் சுவரில் மிதக்க விட்ட அந்தத் துண்டும் அப்படித் தொட்டு அறிகிற ஒரு தோல்தான்.

1951-இல் அவர் பெங்களூருக்குத் திரும்பி இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அமெரிக்காவில் இருந்த வசதிகள் இங்கே இல்லை. காற்றுச் சுரங்கம் என்று ஒன்று உண்டு. குழாய் போன்ற கூடத்தில் காற்றை வேகமாக ஓடவிட்டு, நடுவில் சிறகின் மாதிரியை வைத்துச் சோதிப்பார்கள். இந்தியாவில் ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்றோடும் முதல் சுரங்கத்தை அந்தக் கழகத்தில் எழுப்பியவர் தவான். பணம் ஏது? வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களையும் பழைய உதிரிகளையும் பொறுக்கிச் சேர்த்துத்தான் பல கருவிகளை அங்கே கட்டினார்கள். 1955-இல் விமானப் பொறியியல் துறையின் தலைவரானார். 1962-இல், நாற்பத்திரண்டு வயதில், கழகத்துக்கே இயக்குநர். அந்தப் பதவியில் 1981 வரை இருந்தார். பெங்களூரின் தேசிய விமான ஆய்வுக்கூடத்தில் 1960-களில் எழுந்த பெரிய காற்றுச் சுரங்கத்துக்கும் அவர் உழைப்பு உண்டு. இந்தியாவில் உருவான விமானங்களும் ராக்கெட்டுகளும் அங்கே மாதிரி வடிவில் காற்று குடித்த பிறகுதான் வானம் ஏறின.

1971 டிசம்பர் 30-ஆம் நாள் விக்ரம் சாராபாய் திடீரென்று காலமானார். இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கி வளர்த்தவர் அவர். வீட்டுத் தலைவன் போனது போல ஆயிற்று. அடுத்து யார்? தவான் அப்போது ஓராண்டு விடுப்பில் கால்டெக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிரதமர் இந்திரா காந்தி அவரை அழைத்தார். மற்றவர்களாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் ஏறியிருப்பார்கள். தவான் நிபந்தனை போட்டார், பாருங்க! விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும். விஞ்ஞானக் கழக இயக்குநர் வேலையையும் தொடர்ந்து பார்ப்பேன் என்றார். பிரதமர் சம்மதித்தார். 1972 முதல் 1984 வரை பன்னிரண்டு ஆண்டுகள் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தார்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டின் சாதனைகளை அடுக்கினால் பக்கம் போதாது. 1975 ஏப்ரல் 19-இல் ஆரியபட்டா செயற்கைக்கோள் ரஷ்ய ராக்கெட்டில் ஏறிப் போனது. 1975, 76-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியாகப் பாடமும் விவசாயச் செய்தியும் போய்ச் சேர்ந்தன. மின்விளக்கே சரியாக எட்டாத காலம் அது. இதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது ஒரே ஒரு காலைப்பொழுதை.

1979 ஆகஸ்ட் 10. ஆந்திரக் கரையில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி, ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. எஸ்.எல்.வி-3 என்ற ராக்கெட் நிற்கிறது. நாலு அடுக்கு, சுமார் 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. இந்தியா தன் சொந்த ராக்கெட்டில் தன் செயற்கைக்கோளை ஏற்ற எடுத்த முதல் முயற்சி. திட்டத்தின் இயக்குநர் கலாம். பல ஆண்டு உழைப்பு, ஆயிரக்கணக்கான கைகள்.

புறப்பட இன்னும் சில நிமிடம் இருக்கும்போது கணினி எண்ணிக்கையை நிறுத்தியது. ஏதோ சரியில்லை என்றது. கூட இருந்த நிபுணர்கள் கணக்குப் பார்த்துப் பரவாயில்லை என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டுப் புறப்பட ஆணையிட்டார். இதை அவரே பிற்காலத்தில் மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார். முதல் அடுக்கு அழகாக எரிந்தது. இரண்டாம் அடுக்கில் ராக்கெட் தடுமாறித் தலைசுற்ற ஆரம்பித்தது. 317 வினாடி. 560 கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் விழுந்தது.

என்ன ஆயிற்று? ராக்கெட்டின் வலிமையில் குறையில்லை, கட்டுப்பாட்டில்தான் கோளாறு. இரண்டாம் அடுக்கை நேராகப் பிடித்து நிறுத்தும் கருவிக்கு நைட்ரிக் அமிலம் தேவை. ஒரு சிறு அடைப்பான் மூடாமல் நின்றுவிட்டதால் அந்த அமிலம் முன்னமே ஒழுகிப் போய்விட்டது. திசை திருப்ப ஆள் இல்லாத படகு போல ஆகிவிட்டது ராக்கெட். பறப்பதில் தூக்கும் சக்தி பாதி. சாயும்போது சாய்கிறோம் என்று அறிந்து நிமிர்வது மறுபாதி. அந்த மறுபாதி கைவிட்டது.

அன்று காலையே பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். கலாம் களைத்துப் போயிருந்தார். பழி தம் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். நியாயமாகப் பார்த்தாலும் முடிவு எடுத்தவர் அவர்தானே? ஆனால் அங்கே போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் தவான். இன்று நாங்கள் தோற்றோம் என்று தம் வாயால் ஒப்புக்கொண்டார். என் ஆட்களை நம்புகிறேன், அடுத்த ஆண்டு நிச்சயம் வெல்வார்கள் என்று சொல்லி எல்லா அடியையும் தாமே வாங்கிக்கொண்டார். கலாமை நோக்கி ஒரு விரல் நீளவில்லை.

1980 ஜூலை 18 காலை 8 மணி தாண்டி மூன்று நிமிடம். அதே ராக்கெட், அதே குழு. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. இப்போது பத்திரிகைக்காரர்களிடம் போகச் சொல்லித் தவான் அனுப்பியது யாரைத் தெரியுமா? கலாமைத்தான். தாம் பின்னால் நின்றுகொண்டார். கலாம் இந்தக் கதையைச் சொல்லாத ஊர் குறைவு. தவான் தம் வாயால் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை.

நாம் கொஞ்சம் நம்மைப் பார்த்துக்கொள்ளலாமா? பரிசு வாங்கிய பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். கணக்கில் கோட்டைவிட்டு வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி கேட்கிறோம். தவான் செய்தது இதற்கு நேர் எதிர். சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1981-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது தந்தது. 1984-இல் விண்வெளித் தலைமையிலிருந்து ஓய்வு. ஓய்வு என்றால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பழைய பெருமை பேசுவது என்றா நினைத்தீர்கள்? அவர் பறவைகளிடம் போனார். ஆமாங்க, ராக்கெட் விட்ட மனிதர் கொக்கையும் பருந்தையும் பார்க்க உட்கார்ந்தார்! பறவை எப்படிப் பறக்கிறது என்று எழுபது பக்கத்துக்கும் மேலான ஒரு நீண்ட ஆய்வை எழுதினார். இந்திய விஞ்ஞான அகாதமியின் சாதனா என்ற இதழில் 1991-இல் அது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

பறவையின் சிறகை விமானச் சிறகோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் பெருமை தெரியும். விமானச் சிறகு தூக்க மட்டும் செய்கிறது. தள்ளுவதற்குத் தனி இயந்திரம், திருப்புவதற்குத் தனி மடிப்பு. பறவைக்கு ஒரே சிறகுதான். அதுவே தூக்குகிறது, அதுவே தள்ளுகிறது, அதுவே திருப்புகிறது. இறங்கும் நேரத்தில் சிறகின் முன்னோரத்தில் கட்டைவிரல் போல ஒரு சிறு இறகுக் கற்றை எழுந்து நிற்கும். வேகம் குறைந்தாலும் காற்று சிறகை விட்டுப் பிரிந்து போகாமல் அது பார்த்துக்கொள்ளும். அடுத்த முறை கொக்கு வாய்க்கால் ஓரத்தில் இறங்கும்போது கூர்ந்து பாருங்கள்.

இதைவிட அதிசயம் இறகின் வேரில் இருக்கிறது. பெரிய இறகுகளுக்குப் பக்கத்தில் மயிர் போன்ற மெல்லிய இறகுகள் சில உண்டு. அவை பறக்க உதவுவதில்லை. பெரிய இறகு காற்றில் நடுங்கினால் இதுவும் நடுங்கும். இதன் அடியில் நரம்பு நுனிகள் இருக்கின்றன. எந்த இறகில் எவ்வளவு காற்று படுகிறது என்ற செய்தி உடனே மூளைக்குப் போகிறது. பூச்சிகளுக்கும் இப்படி ஒன்று உண்டு. ஈ, தும்பி, அந்துப்பூச்சி இவற்றின் சிறகில் குட்டிக் கூடாரம் போன்ற உணர்வுப் புள்ளிகள் இருக்கின்றன. சிறகு வளைந்தால் அவை அழுந்தும், அழுந்தினால் செய்தி. ஆகப் பறவைக்கும் பூச்சிக்கும் சிறகே ஒரு தோல். தவான் இருபது முப்பது வயதில் சுவரில் செய்து வைத்ததை ஆண்டவன் குருவியின் உடம்பில் எப்போதோ செய்து வைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

2002 ஜனவரி 3-ஆம் நாள் பெங்களூரில் தவான் காலமானார். அதே ஆண்டு ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். நிலவுக்குப் போன சந்திரயான்களும் செவ்வாய்க்குப் போன மங்கள்யானும் சதீஷ் தவான் விண்வெளி மையத்திலிருந்துதான் கிளம்பின. சுற்றியுள்ள பழவேற்காடு ஏரிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன.

இனி நம் டிரோனுக்கு வருவோம். இப்போது நாம் பார்க்கும் டிரோன்களுக்குள்ளே சாய்வை அறியும் ஒரு கருவி இருக்கிறது. உடம்பு சாய்ந்தால் அது சொல்லும். உடனே விசிறிகள் வேகத்தை மாற்றி நிமிர்த்தும். வேலை நடக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அது சாய்ந்த பிறகு வரும் செய்தி. பால் சிந்திய பிறகு வாளியைப் பார்ப்பது மாதிரி. அடித்துப் போகிற பெரிய டிரோனுக்கு அது போதும். கைக்குள் அடங்குகிற, குருவி மாதிரி சிறகடிக்கிற குட்டி டிரோனுக்கு ஒரு சின்னக் காற்றே புயல். அதில் நிறையக் கருவிகளை ஏற்றவும் முடியாது, பாரம் தாங்காது.

அதனால் ஆய்வாளர்கள் சிறகையே கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். 2024-இல் ஜப்பானின் தோக்கியோவில் ஒரு குழு, தேன்சிட்டு போல வேகமாகச் சிறகடிக்கும் ஒரு சிறு பறவையின் சிறகைப் போல வளைகிற சிறகு ஒன்றைச் செய்தது. அதில் ஏழு சிறு உணரிகளை ஒட்டினார்கள். சிறகு வளையும் அளவை அவை சொல்லும். காற்றுச் சுரங்கத்தில் வைத்து, பல திசையிலிருந்து காற்றை விட்டுச் சிறகடிக்க வைத்தார்கள். வந்த எண்களையெல்லாம் கணினிக்குக் கொடுத்து, இது இந்தத் திசைக் காற்று, இது அந்தத் திசைக் காற்று என்று பழக்கினார்கள். குழந்தைக்கு அ, ஆ காட்டுகிற மாதிரி திரும்பத் திரும்ப. இதைத்தான் இயந்திரக் கற்றல் என்கிறார்கள். பழகிய பிறகு, ஒரே ஒரு சிறகடிப்பை வைத்துக் காற்றின் திசையை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறைக்கு மேல் சரியாகச் சொன்னது. சிறகடிப்பில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கொடுத்தபோதும் நூற்றுக்கு எண்பத்தைந்து முறை சரி.

அதே 2024-இல் தென்கொரியாவின் அஜோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். சிறகடிக்கும் டிரோனின் சிறகு வேரில் மெல்லிய உணரிகளை ஒட்டினார்கள். சாய்வு அறியும் வழக்கமான கருவியை நம்பாமல், சிறகு சொல்லும் செய்தியை மட்டும் வைத்து டிரோன் தன்னைத் தானே பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. டிரோன் தானே செய்து பார்க்கும். நன்றாகச் செய்தால் மதிப்பெண் கூடும்; தடுமாறினால் குறையும். எப்படிச் செய்தால் கூடுகிறது என்று அதுவாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். பரிசளிப்பு விழாவில் இதைப் படிக்கிறீர்கள், வேடிக்கையைப் பாருங்கள்! காற்று வீசும்போதும் அந்தச் சிறு டிரோன் தன் திசையைக் காத்துக்கொள்ளப் பழகியது.

இவர்கள் தவானின் மாணவர்கள் அல்லர். அவர் வேலையை அப்படியே தொடர்ந்தார்கள் என்று நான் கதை கட்டவும் விரும்பவில்லை. ஆனால் காற்று தொடுகிற இடத்திலேயே அதை அளக்க வேண்டும், பறவையிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற இரண்டு வழியும் ஒரே மனிதர் வாழ்க்கையில் முன்னமே நடந்து பார்க்கப்பட்ட வழிகள். இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படிப்பட்ட இயந்திரம் கற்பதே தவறிச் செய்துதான். எத்தனையோ முறை தடுமாறும், சுழலும், சாயும். ஒவ்வொரு தடுமாற்றமும் அதற்குப் பாடம். முதல் தடுமாற்றத்திலேயே அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால் இரண்டாவது பாடமே கிடைத்திருக்காது. 1979-இல் கடலில் விழுந்த ராக்கெட்டும் அதன் குழுவும் அடுத்த ஆண்டு வரைக்கும் நின்றது, மேலே ஒருவர் தாங்கிப் பிடித்ததால்.

இந்த வித்தை வளர்ந்தால் நமக்கு என்ன லாபம்? செம்பனை மட்டைகளுக்கு நடுவே காற்று எப்படிச் சுழலும் என்று தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அதற்குள் புகுந்து, ஓலையில் மோதாமல், பழக்குலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிற குட்டி டிரோன் ஒரு நாள் வரலாம். வந்தால் சிலருடைய வேலை குறையும் என்ற பயமும் நியாயமானதுதான். அதை மூடி மறைத்துப் பேசக்கூடாது. அந்த டிரோனை ஓட்டவும் பழுது பார்க்கவும் பழக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கிருந்தோ வருகிறவராக இருக்கப் போகிறாரா, இந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளையாக இருக்கப் போகிறாரா என்பதுதான் இப்போதே யோசிக்க வேண்டியது.

ஆறாம் ஆண்டு அறிவியல் படித்தால் போதும், தவான் எழுபது வயதில் செய்ததை நம் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். பறவையைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம். நம் மாநிலத்துக்குச் சொந்தமான தஞ்சோங் துவான் என்ற முனை போர்ட்டிக்சன் பக்கத்தில், நெகிரி செம்பிலானுக்கு நடுவில் இருக்கிறது. கலங்கரை விளக்கு நிற்கிற இடம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து கடலைக் கடந்து தேன்பருந்துகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்கின்றன. கடலின் மேல் அவற்றைத் தூக்கிவிடச் சூடான காற்று கிடையாது. சிறகை அடித்து அடித்துக் களைத்து, தாழ்வாகத்தான் கரைக்கு வரும். தரையின் சூட்டுக் காற்று கிடைத்ததும் சிறகடிப்பை நிறுத்தி, சிறகு நுனி இறகுகளை விரல் மாதிரி விரித்துக்கொண்டு, வட்டமிட்டு மேலே ஏறும். அந்த நுனி இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைவது வெறுங்கண்ணுக்கே தெரியும். வெயில் ஏறிய பிறகு போங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பியும் குடிதண்ணீரும் மறக்க வேண்டாம்.